மட்டக்களப்பில் சமூக வானொலி தொடங்கலாமா? அனுமதி முதல் நேயர் உரிமை வரை

பெரும்போக மழை அடைத்துப் பெய்யத் தொடங்கினால் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைச் சனத்துக்குத் தெரிய வேண்டியவை சில விடயங்கள்தான். உன்னிச்சைக் குளத்தின் வான் கதவு திறந்தாயிற்றா? வலையிறவுப் பாலத்தால் போகலாமா? கமநல சேவை நிலையத்தில் நாளைக்கு உரம் கொடுப்பார்களா? கொழும்பிலிருந்து வரும் செய்தி "கிழக்கு மாகாணத்தில் பலத்த மழை" என்பதோடு முடிந்துவிடும். அதனால்தான் எங்கள் பகுதிச் சங்கங்களில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: எங்களுக்கென்று ஒரு சமூக வானொலி, அதாவது ஊர்ச் சனமே நடத்தும் வானொலி, தொடங்க முடியாதா, அதற்கு யாரிடம் விண்ணப்பிப்பது?

முதலில் நேரான பதில். இலங்கையில் சமூக வானொலிக்கென்று தனியான அனுமதிப்பத்திரம் கிடையாது. 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டம் அரச வானொலியான அந்தக் கூட்டுத்தாபனத்தைத் தவிர மற்ற எல்லோரையும் "தனியார் ஒலிபரப்பு நிலையம்" என்ற ஒரே வகைக்குள் அடக்குகிறது. கொழும்பில் கோடிக்கணக்கில் முதல் போட்ட கம்பனியும் வவுணதீவிலுள்ள ஒரு கிராம அபிவிருத்திச் சங்கமும் சட்டத்தின் முன் ஒரே விண்ணப்பதாரர்தான். இது பெரிய அநியாயம் என்பதே என் எண்ணம். இலாபம் தேடாத ஒரு சங்கத்துக்குச் சிறிய வலு, சிறிய கட்டணம், சிறிய எல்லை என்று தனிப் பிரிவொன்று எப்போதோ வந்திருக்க வேண்டும்.

இருக்கிற சட்டப்படி இரண்டு அனுமதிகள் வேண்டும். ஒலிபரப்புக்கான அனுமதிப்பத்திரத்தை மேற்படி சட்டத்தின் 44ஆம் பிரிவின் கீழ் ஊடகத்துக்குப் பொறுப்பான அமைச்சர் வழங்குவார். அலைவரிசைக்கான அனுமதி, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமிருந்து வர வேண்டும். ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காவிட்டால் பயனில்லை. மாகாண சபையோ பிரதேச சபையோ மாவட்டச் செயலகமோ இந்த அனுமதியைத் தர முடியாது. ஒலிபரப்பு மத்திய அரசின் கையிலுள்ள விடயம். கோயில் திருவிழாவுக்கு மட்டும், பரீட்சார்த்தமாக மட்டும் என்று சிறிய ஒலிபரப்புக் கருவியொன்றை அனுமதியில்லாமல் இயக்குவதும் குற்றமே. இளைஞர்கள் இதைக் கவனத்தில் வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். இணையத்தில் தமிழில் தேடினால் வருவது பெரும்பாலும் இந்திய விதிகள். அங்கே 2006ஆம் ஆண்டுக் கொள்கைப்படி தொண்டு நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம், 100 வாட் வலு, நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் தயாரித்தவை என்றெல்லாம் இருக்கிறது. நல்ல விதிகள்தான், ஆனால் இலங்கைக்குப் பொருந்தாது. அந்தப் படிவத்தை நிரப்பி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அப்படியென்றால் இலங்கையில் சமூக வானொலியே இருந்ததில்லையா? இருந்தது. 1981இல் மகாவலிக் குடியேற்ற மக்களுக்காக யுனெஸ்கோவின் உதவியோடும் டென்மார்க்கின் உதவியோடும் மகாவலி சமூக வானொலி தொடங்கியது. 1989இல் கொத்மலை நிலையம் வந்தது. ஊருக்குள் இணையம் எட்டிப் பார்க்காத 1990களின் கடைசியில், கொத்மலை நேயர்கள் கேள்வி அனுப்ப, அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி வானொலியிலேயே பதில் சொன்னார்கள். உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட முயற்சி அது. ஆனால் இந்த நிலையங்கள் எல்லாம் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் குடையின் கீழ்தான் இயங்கின. பேசியது ஊர், உரிமை அரசுடையது.

ஆகவே இன்றைக்கு ஒரு சங்கத்தால் எட்டக்கூடிய வழி, இருக்கிற சேவைக்குள் நேரம் கேட்பது. அம்பாறைக் கரையோரத்தில் கூட்டுத்தாபனத்தின் பிறை எப்.எம் இருக்கிறது, தேசிய அளவில் தமிழ்த் தேசிய சேவையும் தென்றலும் உண்டு. வாரத்துக்கு அரை மணித்தியாலம் கேளுங்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம்: அரசியலமைப்பின்படி தமிழ் அரச கரும மொழி, வடக்கு கிழக்கில் நிர்வாக மொழியும்கூட. வெறுங்கடிதத்தோடு போகாதீர்கள். இரண்டு மூன்று நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து கொண்டுபோங்கள். கைத்தொலைபேசிப் பதிவே போதும், சத்தம் தெளிவாக இருந்தால் சரி. யார் தயாரிப்பார், யார் குரல் கொடுப்பார், அவர் வராத வாரம் யார் என்பதையும் எழுதிக் கொடுங்கள். தயாரிப்பாளர் பயப்படுவது நிகழ்ச்சி மூன்றாம் வாரத்திலேயே நின்றுபோகும் என்பதற்குத்தான்.

என்ன பேசுவது என்று தேடி அலைய வேண்டியதில்லை. வான் கதவும் வீதி நிலவரமும் நெல் விலையும் நடமாடும் சேவை எந்தப் பிரதேச செயலகத்தில் என்பதும் யானை இறங்கிய இடமும் ஐந்து நிமிடத்துக்குள் அடங்கும். மிச்ச நேரத்தை ஊரின் குரலுக்குக் கொடுங்கள். வடமோடி, தென்மோடிக் கூத்துப் பழக்கும் அண்ணாவிமார், கண்ணகி அம்மன் சடங்கில் பாடுகிறவர்கள், முஸ்லிம் ஊர்களில் நாட்டார் கவி சொல்லும் உம்மாமார், வாவியில் வலை வீசுகிறவர்கள். 1978 நவம்பர் சூறாவளியை நேரில் கண்டவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். அவர்களின் பேச்சைப் பதிந்து வைக்க இதைவிட நல்ல சாட்டு கிடைக்காது. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து இருக்கும் எங்கள் கரையில், இரண்டு பக்கக் குரலும் ஒரே நிகழ்ச்சியில் வருவதே பெரிய காரியம்.

இணைய வானொலிக்கு அலைவரிசை அனுமதி தேவையில்லை. அதைத் தொடங்குவது சுலபம், நல்ல பயிற்சியும்கூட. ஆனாலும் பாட்டுப் போடுவதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இங்கேயும் பொருந்தும். இணையத்தில் வெளியிடுபவற்றைக் கட்டுப்படுத்தும் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் அப்படியே. கைத்தொலைபேசிக் கோபுரம் செயலிழந்தால் இணைய வானொலியும் போய்விடும், பற்றரி வானொலி போகாது. அதனால் எப்.எம்மில் நேரம் கேட்பதை விட்டுவிடக் கூடாது.

பலருக்குத் தெரியாத உரிமையொன்றும் உண்டு. திறந்த பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கூட்டுத்தாபனம் நடத்திய முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்று 1995இல் திடீரென நிறுத்தப்பட்டது. அதில் பங்குபற்றி வந்த நேயர் ஒருவர் உயர் நீதிமன்றம் போனார். பங்குபற்றும் நேயருக்கும் பேச்சுச் சுதந்திரம் உண்டு, நிகழ்ச்சியை அப்படி நிறுத்தியது அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை தந்த உரிமையை மீறியது என்று 1996இல் தீர்ப்பு வந்தது. வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அல்ல, பங்குபற்றுகிறவருக்கே அந்தப் பாதுகாப்பு கிடைத்தது. ஆகவே நிகழ்ச்சிக்குக் கேள்வி அனுப்பினால், பேசினால், அதன் பதிவை வைத்திருங்கள். அடிப்படை உரிமை மனுவை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் கணக்கிடப்படாது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கின்றன.

விண்ணப்பிக்கும் முன் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். கிழக்கில் எந்த அலைவரிசைகள் யாருக்கு, என்ன நிபந்தனையில் வழங்கப்பட்டுள்ளன என்று ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும், உள்ளூர் நிகழ்ச்சிகளுக்கு வாரத்தில் எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகிறது என்று கூட்டுத்தாபனத்திடமும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையிடலாம். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். சங்கத்தின் பெயரில் கேட்பதைவிட, அங்கத்தவர் ஒருவர் பிரசை என்ற முறையில் தன் பெயரிலேயே கேட்பது சுலபம்.