பாய் நனையும் இரவுகள்: குழந்தையின் உடலுக்குள் நடப்பது என்ன?

5 வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் இரவில் படுக்கையை நனைக்கிறார்கள். 10 வயதில் இது 5 விழுக்காடாகக் குறைகிறது. படுக்கையை நனைக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு, எந்தச் சிகிச்சையும் இல்லாமல், ஒவ்வோர் ஆண்டும் அது தானாகவே நின்றுவிடுகிறது. 5 வயது நிறையும் வரை மருத்துவர்கள் இதை ஒரு கோளாறாகவே கணக்கில் கொள்ளாததற்குக் காரணம் இதுதான். வீடுகளில் இந்தப் பொறுமை இருப்பதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை மூன்று வயதிலேயே நிறுத்திவிட்டது என்ற ஒப்பீடும், சோம்பல் என்ற பழியும், சில வீடுகளில் அடியும்கூட அந்தக் குழந்தைக்குக் கிடைக்கின்றன. உறக்கத்தில் நடப்பதற்கு அடி பரிகாரமாகாது. அச்சம் மட்டுமே மிஞ்சும்.

ஒரு குழந்தை இரவு முழுவதும் நனையாமல் உறங்க வேண்டுமென்றால் இரண்டில் ஒன்று நடந்தாக வேண்டும். இரவில் ஊறும் சிறுநீர் முழுவதையும் சிறுநீர்ப்பை விடியும் வரை தாங்க வேண்டும். தாங்க முடியாவிட்டால், அது நிறைந்ததும் மூளை விழித்துக்கொள்ள வேண்டும். ஆகவே சிறுநீரகம் இரவில் எவ்வளவு உற்பத்தி செய்கிறது, பை எவ்வளவு கொள்கிறது, மூளை எவ்வளவு எளிதில் விழிக்கிறது என்ற மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது.

மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸில் உருவாகிப் பிட்யூட்டரி சுரப்பியின் வழியே இரத்தத்தில் கலக்கும் வாசோபிரசின் என்ற ஹார்மோன்தான் சிறுநீரகத்தின் உற்பத்தியைக் கட்டுப்படுத்துகிறது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களுடைய இறுதிப் பகுதியில் உள்ள செல்களுக்குள், தண்ணீரை மட்டும் கடத்தும் அக்வாபோரின் என்ற புரதங்கள் சிறு பைகளில் அடைபட்டுக் கிடக்கின்றன. வாசோபிரசின் வந்து ஒட்டியதும் அவை செல்லின் மேற்பரப்புக்கு நகர்ந்து வழிகளைத் திறக்க, வெளியேறவிருந்த தண்ணீர் உடலுக்குள் திரும்ப, சிறுநீர் அளவில் குறைந்து அடர்த்தியாகிறது. (அக்வாபோரின்களைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.) வளர்ந்தவர்களுக்கு இரவில் இந்த ஹார்மோன் கூடுவதால் சிறுநீர் உற்பத்தி ஏறத்தாழ பாதியாகிறது. படுக்கையை நனைக்கும் குழந்தைகள் பலருக்கு இந்த இரவு நேர ஏற்றம் இருப்பதில்லை என்பதை 1980-களில் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். பகல் முழுவதும் ஓடிய வேகத்திலேயே இவர்களுடைய சிறுநீரகம் இரவிலும் ஓடுகிறது.

சிறுநீர்ப்பையின் கொள்ளளவுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால் எதிர்பார்க்கும் அளவு மில்லிலிட்டரில் கிடைக்கும். 6 வயதுக் குழந்தைக்கு அது 210. சில குழந்தைகளின் பை இந்த அளவை எட்டுவதற்கு முன்பே சுருங்கிவிடுகிறது. அதற்கு, பலர் சந்தேகிக்கவே மாட்டாத ஒரு காரணம் மலச்சிக்கல். மலக்குடல் சிறுநீர்ப்பைக்கு நேர் பின்னால் இருப்பதால், அங்கே தேங்கும் மலம் பையை அழுத்தி அதன் இடத்தைக் குறைப்பதோடு, காலமல்லாத நேரத்தில் சுருங்கவும் தூண்டுகிறது. குழந்தை தினமும் மலம் கழிக்கிறது என்பதை மட்டும் வைத்துச் சிக்கல் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. முழுமையாகக் கழியாமல் மீதம் தேங்கலாம். மலச்சிக்கலைச் சரிசெய்த மாத்திரத்தில் இரவு நனைதல் நின்றுபோன குழந்தைகள் உண்டு.

மூன்றாவது, விழிப்பு. இடியே விழுந்தாலும் எழ மாட்டான் என்று பெற்றோர் சொல்வதில் உண்மை இருக்கிறது. உறக்க ஆய்வகங்களில் காதருகே ஒலி எழுப்பிப் பார்த்தபோது, இத்தகைய குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே விழித்தார்கள். ஆனால் அதை நிம்மதியான ஆழ்ந்த உறக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் உறக்கம் மேலோட்டமாகவும் அடிக்கடி கலைவதாகவும் இருப்பதை ஹாங்காங் ஆய்வாளர்கள் 2008-இல் பதிவுசெய்தார்கள். பையிலிருந்து ஓயாமல் வரும் சமிக்ஞை உறக்கத்தைக் கலைத்துக்கொண்டே இருக்கிறது. முழு விழிப்புக்கு மட்டும் கொண்டுசெல்வதில்லை.

இவற்றில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு. பெற்றோரில் ஒருவருக்குச் சிறுவயதில் இந்தத் தொல்லை இருந்திருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 44 விழுக்காடு; இருவருக்கும் இருந்திருந்தால் 77. அதட்டுகிற அப்பாவின் பழைய கதை அவருக்கு மறந்திருக்கலாம். பாட்டியைக் கேட்டால் தெரிந்துவிடும்.

எந்தப் பக்கம் குறை என்பதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். விடுமுறையில் இரண்டு நாள் குழந்தையை அளவுக் கோப்பையில் சிறுநீர் கழிக்கச் செய்து ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் கழிப்பதை விட்டு, மற்றவற்றுள் பெரிய அளவுகூட எதிர்பார்க்கும் கொள்ளளவில் 65 விழுக்காட்டை எட்டவில்லை என்றால், அதாவது 6 வயதில் 137 மில்லிலிட்டருக்குக் கீழ் இருந்தால், பை சிறியது. இரவுக்கு டயப்பர் கட்டி, காலையில் அதன் எடையிலிருந்து உலர்ந்த டயப்பரின் எடையைக் கழித்து, ஒரு கிராமை ஒரு மில்லிலிட்டராகக் கொண்டு, காலையில் முதலில் கழிக்கும் அளவையும் சேர்த்தால் இரவின் மொத்த உற்பத்தி கிடைக்கும். அது கொள்ளளவின் 130 விழுக்காட்டைத் தாண்டினால் இரவு உற்பத்திதான் மிகை. ஒரு வாரம் இப்படிக் குறித்த தாள், மருத்துவரின் பாதி வேலையை முடித்துவிடும்.

இரவைச் சரிசெய்யும் வேலை பகலில்தான் தொடங்குகிறது. பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் தண்ணீரே குடிக்காத குழந்தை, நிறைந்த பாட்டிலோடு வீடு திரும்பி, விளையாடிவிட்டு மாலையில் தாகமெல்லாம் தீரக் குடிக்கிறது. ஒன்பது மணிக்கு ரசமும் மோருமாகச் சாப்பாடு, படுக்குமுன் ஒரு டம்ளர் பால். 4 முதல் 8 வயது வரை ஒரு நாளைக்கு 1 முதல் 1.4 லிட்டர் வரை பருகலாம் என்கிறது 2010-இல் வெளிவந்த பிரிட்டனின் வழிகாட்டுதல். வெயில் மிகுந்த ஊர்களில் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். தண்ணீரைக் குறைக்க வேண்டியதில்லை. அதில் பெரும் பகுதியை மாலைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். மாலைக் காப்பியையும் தேநீரையும் விடுவது நல்லது. சிப்ஸ், மிக்சர் போன்ற உப்புத் தின்பண்டங்களும் இரவுச் சிறுநீரைக் கூட்டும். பெற்றோர் தாம் படுக்கப் போகும்போது குழந்தையை அரைத் தூக்கத்தில் தூக்கிச் சென்று கழிக்க வைப்பது அன்றைய பாயைக் காப்பாற்றுமே தவிர, விழிக்கப் பழக்காது.

விழிக்கப் பழக்குவது ஈர அலாரம். 1904-இல் குழந்தை மருத்துவர் ஃபௌண்ட்லர், நனைந்த படுக்கையைச் செவிலியருக்குத் தெரிவிக்க மருத்துவமனையில் ஒரு மணியைப் பொருத்தினார். அந்த ஒலியால் சில குழந்தைகள் நனைப்பதையே நிறுத்தியதைப் பிறகுதான் கவனித்தார்கள். 1938-இல் அமெரிக்காவின் மௌரர் தம்பதியர் இதையே சிகிச்சையாக்கினார்கள். இன்று உள்ளாடையில் செருகும் சிறு உணரியாக அது சுருங்கிவிட்டது. முதல் சில வாரங்களில் அலாரம் அடித்ததும் வீட்டில் எல்லோரும் எழுவார்கள், குழந்தை மட்டும் எழாது. அப்போது பெற்றோர் அதை முழுமையாக விழிக்கச் செய்து, அதன் கையாலேயே அலாரத்தை அணைக்க வைத்து, கழிப்பறைக்கு நடக்க வைக்க வேண்டும். நாளடைவில் ஈரத் திட்டு சிறிதாகும், ஒலிக்கும் நேரம் விடியலை நோக்கித் தள்ளிப்போகும். தொடர்ந்து 14 இரவுகள் நனையாமல் கழியும் வரை, பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள், இதைத் தொடர வேண்டும். ஏறத்தாழ மூன்றில் இரண்டு குழந்தைகளுக்குப் பலன் கிடைக்கிறது. ஒரே அறையில் ஐந்து பேர் வரிசையாகப் படுக்கும் வீட்டில் இது எளிதன்று என்பதையும் சொல்ல வேண்டும்.

இரவு உற்பத்தி மிகையாக உள்ளவர்களுக்கு, 1967-இல் உருவாக்கப்பட்ட டெஸ்மோபிரசின் என்ற வாசோபிரசினின் செயற்கை வடிவத்தை மருத்துவர் தரலாம். விழாவுக்கோ சுற்றுலாவுக்கோ போகும் நாட்களுக்கு இது கைகொடுக்கும். நிறுத்தினால் பலருக்குத் தொல்லை திரும்பிவிடும். மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எட்டு மணி நேரம் பின்வரை தண்ணீரைக் கட்டுப்படுத்தாவிட்டால், இரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புகூட வரலாம் என்பதால், கடையில் தாமாக வாங்கிக் கொடுக்கத் தக்க மருந்தன்று.

ஆறு மாதமோ அதற்கு மேலோ நனையாமல் இருந்துவிட்டு மீண்டும் தொடங்கினால் நிலைமை வேறு. சிறுநீர்த் தொற்று இருக்கலாம். தம்பி தங்கை பிறந்தது, பள்ளி மாறியது போன்ற மனநெருக்கடியும் இருக்கலாம். அடங்காத தாகமும் எடை இழப்பும் சேர்ந்திருந்தால் அன்றே இரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிட வேண்டும். பகலிலும் ஒழுகுவது, முக்கிக் கழிப்பது, எரிச்சல் ஆகியவையும் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டியவை. தினமும் குறட்டை விட்டு வாயால் மூச்சுவிடும் குழந்தைக்கு மூக்கின் பின்னுள்ள அடினாய்டு சதை வீங்கியிருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சைக்குப் பிறகு படுக்கை நனைவதும் நின்றுபோன குழந்தைகள் பலர்.