ஸ்க்ரப் டைபஸ்: உண்ணிக்காய்ச்சலா, புதர்க்காய்ச்சலா?

ரத்தப் பரிசோதனைத் தாளில் 'ஸ்க்ரப் டைபஸ்' என்று போட்டிருந்தால், "டைபாய்டாம்" என்று வீட்டில் வந்து சொல்பவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திற்பரப்புப் பக்கம் இன்றும் இருக்கிறார்கள். டைபாய்டு அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வருவது. இது பூச்சிக்கடியால் வருவது. மருந்தும் வேறு.

குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. 'டைபோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குப் புகை, மூட்டம் என்று பொருள். கடுங்காய்ச்சலில் நினைவு மங்கிக் கிடப்பதைப் பார்த்து 'டைபஸ்' என்றார்கள். டைபஸைப் போல இருந்த இன்னொரு காய்ச்சல் 'டைபாய்டு' ஆனது. 'ஸ்க்ரப்' என்பது புதர்க்காடு. கிருமியின் பெயர் ஒரியன்ஷியா சுட்சுகமுஷி. இதில் 'சுட்சுகா' என்றால் ஜப்பானிய மொழியில் நோய், தீங்கு. 'முஷி' என்றால் பூச்சி.

தமிழில் 'உண்ணிக்காய்ச்சல்' என்று எழுதுகிறோம். உண்பது உண்ணி, நல்ல சொல்தான். ஆனால் அதைக் கேட்டதும் நமக்கு மாட்டின் காதில் தொங்கும் உண்ணிதான் நினைவுக்கு வரும். மாடு இல்லாத வீட்டுக்காரர், "நமக்கு எப்படி?" என்று விட்டுவிடுவார். உண்மையில் இதைப் பரப்புவது மைட் என்ற மிகச் சிறிய உயிரியின் இளம்புழு. ஆறு கால், கண்ணுக்கு எளிதில் தென்படாது. தென்னங்குரும்பையைக் கெடுக்கும் ஈரியோபைட் சிலந்தியும் ஒரு மைட்தான்.

களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் இதையே 'செள்ளுபனி' என்கிறார்கள். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல்; பழந்தமிழில் 'பனித்தல்' என்றால் நடுங்குதல். செள்ளு, நம்முடைய தெள்ளு, துள்ளிக் குதிக்கும் பூச்சி. அதுவும் பொருந்தவில்லை: எலித்தெள்ளு பரப்புவது வேறொரு டைபஸ்.

என் ஓட்டு 'புதர்க்காய்ச்சல்' என்ற சொல்லுக்கு. எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. ரப்பர் தோட்டத்தில் களை மண்டிய இடத்தில் உட்கார்ந்து எழுந்தவருக்கு அது உடனே புரியும்.

இன்னொரு சொல்லும் தெரிந்திருக்க வேண்டும்: 'எஸ்கார்'. இதன் வேர் அடுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் வரும் கறுத்த பொருக்கு அது. 'கரும்பொருக்கு' என்று சொல்லலாம். எல்லோருக்கும் வராது, வந்தாலும் வலிக்காது, அரிக்காது. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு என்று மறைவிடத்தில் இருப்பதால் நோயாளிக்கே தெரியாமல் போகும்.

ரப்பர் பால் வெட்டப் போகும் என் மாமாவுக்கு ஒன்பது நாள் காய்ச்சல். மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தும் குறையவில்லை. வேட்டி மாற்றிவிடும்போது மாமிதான் இடுப்பில் அந்தக் கறுப்பைப் பார்த்து, "இதென்ன, தீப்பட்ட மாதிரி?" என்று கேட்டார். மறுநாள் டாக்டரிடம் அதைக் காட்டினோம். இந்தக் காய்ச்சலுக்கான மருந்தான டாக்ஸிசைக்ளின் தொடங்கி இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது.