இதுவரைக்கும் ஒன்றும் ஆகவில்லையே!

காசிமேட்டில் கடலுக்குப் போகும் ஒருவரிடம் லைஃப் ஜாக்கெட் ஏன் போடவில்லை என்று கேட்டுப் பாருங்கள். "இருவது வருஷமா போறேன், ஒண்ணும் ஆவலயே" என்பார். கடலைப் பற்றி அவருக்குத் தெரியாததா? அந்த இருபது வருஷ அனுபவம்தான் அவர் கையைத் தடுக்கிறது.

எச்.ஐ.வி. விஷயத்திலும் மனம் இப்படித்தான் கணக்குப் போடுகிறது. ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ ஆணுறை எதற்கு என்று தெரியாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தெரிந்தும் ஏன் விட்டுவிடுகிறார்கள்?

தொற்று இருந்தும் சிகிச்சை எடுக்காத ஆணுடன் ஆணுறை இல்லாமல் ஒருமுறை சேரும் பெண்ணுக்குத் தொற்று வரும் வாய்ப்பு, சராசரியாக 10,000-இல் 8. அதாவது, பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. அடுப்பில் சூடு பட்ட கை உடனே பாடம் கற்றுக்கொள்ளும். இங்கே சூடு படுவதில்லை. அதனால் மனம் 'பயமில்லை' என்ற தப்பான பாடத்தை ஒவ்வொரு முறையும் படித்துக்கொள்கிறது. அதே வாய்ப்பு நூறு முறை சேர்ந்தால் 100-இல் ஏறக்குறைய 8 ஆகிவிடும். பால்வினை நோயும் இருந்தால் இன்னும் கூடும். இந்தக் கூட்டல் யார் மனதிலும் தானாக ஓடுவதில்லை.

அப்புறம், முகம். "பார்த்தா நல்லாத்தானே இருக்காரு." வைரஸ் உடலில் நுழைந்த முதல் சில வாரங்களில்தான் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்தில் இருக்கும், பிறருக்குப் பரவுவதும் எளிது. அப்போது ஏதாவது வந்தாலும் பெரும்பாலும் சாதாரணக் காய்ச்சல் போலத்தான் இருக்கும். பரிசோதனையிலேகூடத் தெரியாமல் போகலாம்.

பழகப் பழக, ஆணுறை கேட்பதே சந்தேகப்படுவது போல ஆகிவிடும். கணவனிடம் மனைவி கேட்பது அதைவிடக் கஷ்டம். அதை அவளுடைய அறியாமை என்று சொல்வது அநியாயம். சண்டை இன்று ராத்திரியே வெடிக்கும், நோய் தெரிய வருஷங்கள் ஆகும். கண்முன்னால் இருக்கும் ஆபத்தைத்தான் அவள் முதலில் பார்க்கிறாள்.

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். சம்மதமில்லாமல் முடிவை வெளியே சொல்லக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனாலும் ஸ்டான்லி அரசு மருத்துவமனை வாசல்வரை வந்தவருக்கு, தெருக்காரர் யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம் வருகிறது. நாட்டிலேயே முதன்முதலாக 1986-இல் நம் சென்னையில் இந்தத் தொற்றைக் கண்டறிந்தபோது இதற்கு மருந்தே கிடையாது. அந்தக் காலத்துப் பயம் இன்னும் போகவில்லை. தப்பிக்க வழி உண்டு என்று தெரிந்தால்தான் பயம் ஆளை எழுப்பி நடக்க வைக்கும். வழியில்லை என்று பட்டால் மனம் அந்தப் பேச்சையே மூடிவிடும்.

இப்போது வழி இருக்கிறது. 2004 முதல் இந்த வைரஸைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை அரசு இலவசமாகத் தருகிறது. விடாமல் சாப்பிட்டு, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் அது பரவாது. வட சென்னையின் ஒவ்வொரு சுவரிலும் எழுதி வைக்க வேண்டிய வரி இது. ஆபத்து நேர்ந்துவிட்டதோ என்று தோன்றினால், 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

"டெஸ்ட் எடுக்கணும்" என்று பொதுவாக நினைப்பவர் பெரும்பாலும் தள்ளிப்போட்டுவிடுவார். நாள், நேரம், கூட வருவது யார் என்று முடிவு செய்துகொண்டால் போய்ச் சேரும் வாய்ப்பு கூடுகிறது. வியாழக்கிழமை காலை, நைட் ஷிஃப்ட் முடிந்ததும், வீட்டுக்குப் போவதற்கு முன்னால். தயக்கமாக இருந்தால் அதற்கு முன் எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-க்கு ஒரு போன், கட்டணம் கிடையாது.