பூஜ்யம் வந்தால் வலையை இறக்கலாமா?

கனடாவின் ஃபிரேசர் ஆற்றுக்குத் திரும்பும் சாக்கை சால்மன் மீன்கள் கடலில் பிடிபடும்போது எல்லாம் ஒரே அச்சு: வெள்ளி உடம்பு, நீலம் பாய்ந்த முதுகு. எது எந்த ஏரியில் வளர்ந்தது என்று கண்ணால் சொல்ல முடியாது. முன்பு செதில் வளையங்களைப் பார்த்துக் கணித்தார்கள். இப்போது டிஎன்ஏவை வைத்து நாங்கள் சொல்கிறோம்.

துடுப்பிலிருந்து ஒரு துணுக்கு போதும், காகிதத் துளைப்பானிலிருந்து உதிரும் பொட்டு அளவு. அதை ஆல்கஹால் குப்பியில் போட்டு, பென்சிலால் எழுதிய சீட்டையும் உள்ளே விடுவோம். ஒருமுறை யாரோ பேனாவால் எழுதிவிட, மை கரைந்து ஒரு நாள் மாதிரி முழுவதும் ஊர்பேர் தெரியாமல் போயிற்று.

'இந்த மரபணு இருந்தால் இந்த ஏரி' என்று எதுவும் கிடையாது. தலைமுறை தலைமுறையாகப் பிறந்த நீருக்கே திரும்பி முட்டையிடுவதால், ஒரே மரபணு வேறுபாடு ஒரு ஏரியில் அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருக்கும். அப்படிப் பல வேறுபாடுகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் பிடிபட்டதில் எந்த ஏரிக்கு எவ்வளவு பங்கு என்று மதிப்பிடுகிறோம். நாங்கள் முன்பே மாதிரி எடுத்து வைக்காத ஏரியின் பெயர் முடிவில் வரவே வராது. அதன் மீன்கள் பக்கத்து ஏரியின் கணக்கில் போய்ச் சேரும்.

2010இல் ஃபிரேசருக்குத் திரும்பிய சாக்கை ஏறத்தாழ மூன்று கோடி. அதில் பெரும்பங்கு ஆடம்ஸ் ஆற்றுப் பக்கத்துப் பிந்திய பருவக் கூட்டம். அதே பருவத்தில் அவற்றோடு கலந்து வருபவை கல்டஸ் ஏரி மீன்கள். அவை அழியும் நிலையில் இருப்பதாக நிபுணர் குழு 2003இல் மதிப்பிட்டது. மீன்பிடித் தொழிலுக்கு ஏற்படும் இழப்பைக் காரணம் காட்டி, 2005இல் அரசு அவற்றைச் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கவில்லை. அந்த முடிவில் எனக்கு உடன்பாடில்லை.

பருவத்தில் தொலைபேசியில் வரும் கேள்வி ஒன்றுதான்: "சோதனை முடிவில் கல்டஸ் மீன் பூஜ்யம் என்று வந்திருக்கிறதே, வலையை இறக்கலாம்தானே?"

கணக்குப் போட்டுப் பாருங்கள். இருநூறு மீன்களைச் சோதிக்கிறோம். பிடிபட்டதில் கல்டஸ் மீன் 0.5 சதவீதம் இருந்தாலும், அந்த இருநூறில் ஒன்றுகூடச் சிக்காமல் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு. ஒரு லட்சம் மீன் பிடித்தால் 0.5 சதவீதம் என்பது ஐந்நூறு மீன். பெரிய கூட்டத்துக்கு அது ஒன்றுமில்லை, கல்டஸுக்கு அப்படியல்ல. கூடுதலாக மாதிரி எடுக்கலாம். ஆனால் முடிவு வருவதற்குள் மீன் ஆற்றில் ஏறிவிட்டால் என்ன பயன்?

அதனால் பூஜ்யத்தை மட்டும் எழுதி அனுப்புவதை நிறுத்திவிட்டேன். பக்கத்திலேயே மேல் வரம்பையும் எழுதுகிறேன்: இருநூறில் ஒன்றும் இல்லையென்றால், 1.5 சதவீதம் வரை இருக்கலாம். பிறகு தொலைபேசி இன்னும் நீளமாகிறது.