போர்ட் என்றால் துறைமுகம் அல்ல, வாயில்

‘உங்கள் துறைமுகம் 3306 கேட்கிறதா எனச் சரிபார்க்கவும்.’ வீட்டுக் கணினியில் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளை நிறுவிவிட்டு, இணைப்பு கிடைக்காமல் ராத்திரி பதினொரு மணிக்கு விழித்துக்கொண்டிருந்தபோது ஒரு தமிழ் உதவிக் குறிப்பில் இந்த வரியைப் படித்தேன். கணினியில் ஓடும் ஒரு நிரலோடு இணைய உதவும் எண்ணிட்ட வழியை ஆங்கிலத்தில் போர்ட் என்பார்கள்; அதைத்தான் ‘துறைமுகம்’ ஆக்கியிருந்தார்கள். இதே ‘துறைமுகம்’ அதற்கு முன்பும் பல இடங்களில் கண்ணில் பட்டதுதான். ஆனால் கோளாறோடு மல்லுக்கட்டும் நேரத்தில் படித்தபோது கோபம் வந்தது.

போர்ட் என்ற சொல்லின் மூலம் சிக்கலானதல்ல. லத்தீனில் போர்ட்டுஸ் என்றால் துறைமுகம், போர்ட்டா என்றால் கதவு, வாயில். ஆங்கிலத்தில் இரண்டும் ‘போர்ட்’ என்று ஒரே ஒலியில் வந்து நிற்கின்றன. கணினிப் போர்ட்டுக்குப் பொருந்துவது இரண்டாவது. அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்துப் போட்டதால் வந்த வினை இது.

சரி, துறைமுகம் தவறென்று பலரும் ஒப்புக்கொள்வார்கள். என் வழக்கு, அதற்குப் பதிலாகச் சிலர் முன்வைக்கும் ‘துறை’யோடுதான். சின்னச் சொல், நல்ல தமிழ், படகில் சரக்கு வருவதுபோலத் தரவு வருகிறது என்று அதற்காக வாதாடுகிறார்கள். தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனால் துறை என்றதும் இன்று யாருக்கு ஆற்றங்கரை நினைவு வருகிறது? கல்வித்துறை, வருவாய்த்துறை என்றுதான் மனம் போகிறது. ‘துறை எண் 5432’ என்று எழுதினால் ஏதோ அலுவலகக் கோப்பு போலிருக்கிறது. அது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வழக்கமான போர்ட் எண் என்று ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் புரியும்.

அதைவிடப் பெரிய குறை, கோளாறைக் கண்டுபிடிக்க அந்தச் சொல் உதவாது. ஒரு கணினிக்கு 0 முதல் 65535 வரை போர்ட் எண்கள் உண்டு. அத்தனையையும் வாயில்களாக நினைத்துப் பாருங்கள். விண்டோஸில் 10061 என்ற பிழை வந்தால், கணினிவரை போய்ச் சேர்ந்தாயிற்று, அந்த வாயிலில் பதில் சொல்லத்தான் ஆளில்லை. பெரும்பாலும் சர்வர் ஓடவில்லை, அல்லது வேறு எண்ணில் ஓடுகிறது. பதிலே வராமல் நேரம் கடந்துபோனால், ஃபயர்வால் என்ற வாயிற்காவலன் சத்தமில்லாமல் தடுத்து நிறுத்தியிருக்கலாம். மைஎஸ்க்யூஎல்லின் 1045 என்ற பிழை வந்தால் வாயில் திறந்தாயிற்று, பெரும்பாலும் பெயரோ கடவுச்சொல்லோதான் தவறு. அப்புறம் போர்ட்டைக் குடைந்து பயனில்லை. ஏற்கெனவே ஒரு மைஎஸ்க்யூஎல் 3306இல் உட்கார்ந்திருக்கும்போது இன்னொன்றை அதே எண்ணில் தொடங்கினால் தொடங்காது: ஒரு வாயிலில் இருவர் நிற்க முடியாது. துறையை வைத்து இதில் ஒன்றையாவது இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியுமா?

வாயில் என்ற சொல்லின் பிறப்பும் அழகு. இல்லத்தின் வாய், இல்வாய், அதுவே முன்பின்னாக மாறி வாயில் ஆனது. இலக்கணப் போலிக்குப் பள்ளிப் புத்தகம் காட்டும் அதே எடுத்துக்காட்டு. கணினி இல்லம், போர்ட் அதன் வாய். இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? கேட்வேயை நுழைவாயில் என்கிறோமே, குழம்பாதா என்று கேட்பார்கள். அது ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி. அங்கே முழுச் சொல்லையும் எழுதினால் குழப்பம் வராது. பேச்சில் போர்ட் என்றே சொல்லிக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை. தவறான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல்.

‘கேட்கிறதா’ என்பதும் அப்படித்தான். லிசனிங் என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறார்கள். தமிழில் கேட்பது என்றால் காதால் கேட்பது, வினவுவது, வேண்டுவது. சர்வர் இதில் எதையும் செய்யவில்லை, அழைப்புக்காகக் காத்திருக்கிறது. இந்த மொழிபெயர்ப்பாளர்கள் ஒருமுறையாவது, கணினியில் எந்தெந்தப் போர்ட்டுகள் பயன்பாட்டில் இருக்கின்றன என்று காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையை ஓட்டி, அந்தப் பட்டியலில் 3306 இருக்கிறதா என்று தேடிப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

அன்று என் கணினியில் மைஎஸ்க்யூஎல் சர்வீஸ் நின்றுபோயிருந்தது, அவ்வளவுதான். ‘3306ஆம் வாயிலில் சர்வர் காத்திருக்கிறதா என்று பாருங்கள்’ என்று அந்தக் குறிப்பு சொல்லியிருந்தால், ஃபயர்வால் அமைப்புகளை இரண்டு மணி நேரம் கலைத்துப் போட்டிருக்க மாட்டேன்.