கம்யூனிட்டி லெண்டிங்: 'சமூகக் கடன்' என்று எழுதலாமா?

அமெரிக்காவில் இயங்கும் ஒரு கடன் நிதியத்தைப் பற்றிய குறிப்பு, தமிழாக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக என்னிடம் வந்தது. முதல் வரியே இப்படி: "இலாபமில்லாத சமூகக் கடன்காரர் மலிவு வீடுகளுக்கும் குழந்தைகள் காப்பக வசதிகளுக்கும் கடன் தருகிறார்." அகராதியை வைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு சொல்லிலும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? ஏதோ ஒரு சாதிச் சங்கம் அநாதை இல்லத்துக்கு வட்டியில்லாமல் பணம் கொடுக்கிறது என்று தோன்றும். மூலத்தில் இது எதுவுமே இல்லை. ஒவ்வொரு சொல்லும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து, கடைசியில் வாக்கியமே வேறு ஊருக்குப் போய்விட்டது.

சரி, விஷயம் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் 'கம்யூனிட்டி டெவலப்மென்ட் ஃபைனான்சியல் இன்ஸ்டிடியூஷன்' என்று ஒரு வகை உண்டு, சுருக்கமாக சிடிஎஃப்ஐ. சாதாரண வங்கி எட்டிப் பார்க்காத பகுதிகளில், அங்கே இருப்பவர்களுக்கு உதவும் காரியங்களுக்குக் கடன் கொடுப்பதுதான் இவற்றின் முதன்மை வேலை. வங்கியாகவும் இருக்கலாம், கடன் சங்கமாகவும் இருக்கலாம், இலாப நோக்கற்ற கடன் நிதியமாகவும் இருக்கலாம். இந்தக் கடைசி வகைதான் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வாடகைக் குடியிருப்புகள், குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடங்கள் ஆகியவற்றுக்கு அதிகமாகக் கடன் கொடுக்கிறது.

இப்படி ஒரு வகை எதற்காகத் தேவைப்பட்டது என்றால், 1930களுக்குப் போக வேண்டும். 1933இல் தொடங்கப்பட்ட வீட்டு உடைமையாளர் கடன் கழகம் என்ற அரசு அமைப்பு நகரங்களுக்கு வரைபடம் போட்டு, கடன் கொடுத்தால் ஆபத்து என்று அது கருதிய பகுதிகளுக்குச் சிவப்பு நிறம் கொடுத்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் அந்தச் சிவப்புக்குள்ளேயே இருந்தன. 'ரெட்லைனிங்' என்ற சொல் பின்னாளில் இந்தப் போக்கு முழுவதற்கும் பெயரானது. ஆள் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும் அவர் குடியிருக்கும் தெருவைப் பார்த்தே கதவை மூடுவது. அந்தத் தெருவில் இருப்பவர்களின் சேமிப்பை மட்டும் வங்கி வாங்கி வைத்துக்கொள்ளும். கடன் என்று போய் நின்றால் கை விரிக்கும். 1977இல் வந்த கம்யூனிட்டி ரீஇன்வெஸ்ட்மென்ட் சட்டம் இதைத்தான் பிடித்தது. டெபாசிட் வாங்கும் பகுதிகளில், குறைந்த வருமானக்காரர்கள் இருக்கும் இடங்கள் உட்பட, கடன் தேவையையும் நிறைவேற்றும் பொறுப்பு வங்கிக்கு உண்டு என்றது.

இதற்கு முன்பே, 1973இல், சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஒரு வங்கியை நான்கு பேர் சேர்ந்து பொறுப்பெடுத்து, சுற்றியிருக்கும் பகுதியை மீட்பதையே அதன் தொழிலாக்கியிருந்தார்கள். சவுத் ஷோர் பேங்க் என்று பெயர், பிற்பாடு ஷோர்பேங்க். 1992 தேர்தலில் பில் கிளிண்டன் அதை எடுத்துக்காட்டாகச் சொன்னார்; 1994இல் அவர் கையெழுத்திட்ட சட்டத்தின் வழியாகத்தான் கருவூலத் துறையின் கீழ் சிடிஎஃப்ஐ நிதியம் உருவானது, அந்தப் பெயரும் சட்டப் பெயராக நிலைத்தது. அந்த முன்னோடி வங்கி 2010இல், வீட்டுக் கடன் நெருக்கடிக்குப் பின் மூடப்பட்டது. அது பெற்றுக்கொடுத்த பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இப்போது சொல்லுக்கு வருவோம்.

'கம்யூனிட்டி'யின் லத்தீன் வேர் 'கம்யூனிஸ்'. அதற்குள் 'மூனுஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது. கடமை, பொறுப்பு என்று பொருள், கொடை என்றும் பொருள். ஆக கம்யூனிட்டி என்றால், வேரைப் பார்த்தால், பொறுப்பைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள். (நோய் எதிர்ப்புக்குச் சொல்கிறோமே 'இம்யூனிட்டி', அதுவும் இதே வேர்தான். கடமையிலிருந்து விலக்குப் பெற்றவன் என்பது அதன் பழைய பொருள்.) இப்போது தமிழ்க் 'கடன்' பக்கம் திரும்பிப் பாருங்கள். இன்று கடன் என்றால் பணம்தான் நினைவுக்கு வருகிறது, ஆனால் சங்கப் பாட்டில் அது கடமை. புறநானூற்றின் 312ஆம் பாட்டில் ஒரு தாய் சொல்கிறாள்: "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே." புறந்தருதல் என்றால் பேணி வளர்ப்பது. அதாவது 'சைல்ட் கேர்' என்பதற்கு நம்மிடம் இருக்கும் மிகப் பழைய சொற்களில் ஒன்றும், 'கடன்' என்ற சொல்லும் ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குக் கடன் கொடுக்கும் நிறுவனத்தைப் பற்றி எழுதும்போது இது கண்ணில் பட்டால் சும்மா விட மனசு வருமா?

ஆனால் 'சமூகம்' என்ற மொழிபெயர்ப்பு இங்கே உதவாது. தமிழ்நாட்டில் 'கம்யூனிட்டி சர்டிஃபிகேட்' என்றால் சாதிச் சான்றிதழ். செய்தித்தாளில் 'குறிப்பிட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்' என்று வந்தால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மூலத்தில் சொல்லப்படும் கம்யூனிட்டி பெரும்பாலும் ஓர் இடம், நான்கைந்து தெருக்கள், ஒரு கிராமப்புற மாவட்டம், அங்கே வாழ்கிறவர்கள். நம் நிருபர்கள் 'அப்பகுதி மக்கள்' என்று எழுதுவார்கள் அல்லவா, அதுதான் சரியான பொருள். ஆனால் 'பகுதிக் கடன்' என்று எழுதினால் பாதிக் கடன் என்று ஆகிவிடும். 'வட்டார மேம்பாடு' நன்றாக இருக்கிறதே என்று பார்த்தால், வட்டார வளர்ச்சி அலுவலர் வந்து நிற்கிறார்; அது ஒன்றிய நிர்வாகம். எனக்குப் பிடித்தது 'சமுதாயம்'. சாதி அமைப்புகள் அதையும் எடுத்துக்கொண்டிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனாலும் 'சமுதாயக் கூடம்' என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், அந்தப் பகுதியில் இருக்கிற எவரும் போய்ப் பயன்படுத்துகிற பொதுக் கட்டடம். அந்தப் பொருள் சொல்லில் உயிரோடு இருப்பதால் 'சமுதாய மேம்பாட்டுக் கடன்' என்பதே பொருந்தும் என்பது என் முடிவு. சிடிஎஃப்ஐ என்றால் சமுதாய மேம்பாட்டு நிதி நிறுவனம்.

'கடன்காரர்' கதை வேறு. கடன்காரன் வாசலில் நிற்கிறான் என்றால் கொடுத்தவன். அவன் பெரிய கடன்காரன் என்றால் வாங்கியவன். இரண்டு பக்கமும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பேச்சில் சமாளித்துவிடுவோம், ஆவணத்தில் முடியாது. கொடுப்பவரைக் 'கடன் வழங்குநர்' என்றும் வாங்கியவரைக் 'கடன் பெற்றவர்' என்றும் எழுதிவிட்டால் தொல்லை விட்டது.

'இலாபமில்லாத' என்பதைத்தான் நான் பெரிய பிழை என்பேன். நான்-பிராஃபிட் என்றால் இலாபமே வராது என்றோ, வட்டி வாங்காது என்றோ பொருள் இல்லை. வரவில் மிச்சம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். அதை உரிமையாளர் என்று யாரும் பங்கு போட்டு எடுத்துப்போக முடியாது, அவ்வளவுதான். அமெரிக்க வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் வரும் அமைப்புகளுக்கு இதுதான் விதி. எனவே 'இலாப நோக்கற்ற'. இந்த நிதியங்கள் வங்கிகளிடமிருந்தும் அறக்கட்டளைகளிடமிருந்தும் குறைந்த வட்டிக்குப் பணம் திரட்டி, கொஞ்சம் கூடுதல் வட்டிக்குக் கொடுக்கின்றன. தொடக்க காலத்தில் கன்னியாஸ்திரிகளின் சபைகள் தங்கள் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து கொடுத்ததும் உண்டு. திரும்பி வந்த பணம் அடுத்த கட்டடத்துக்குப் போகும். மகளிர் சுய உதவிக் குழுக்களில் இருப்பவர்களுக்கு இதற்கான சொல் ஏற்கெனவே தெரியும்: சுழல் நிதி. ஆங்கிலத்திலும் 'ரிவால்விங் ஃபண்ட்' என்றே சொல்கிறார்கள். திருக்குறளின் ஒப்புரவு அதிகாரத்தில் "கைம்மாறு வேண்டா கடப்பாடு" என்று மழையைச் சொல்வதை இதற்குப் பொருத்தி எழுதலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். அழகாக இருக்கும், ஆனால் தப்பு. கைம்மாறு இங்கே கண்டிப்பாக வேண்டும், தவணை தேதியோடு வேண்டும்.

'அஃபோர்டபிள் ஹவுசிங்' எல்லா இடத்திலும் 'மலிவு விலை வீடு' ஆகிக் கிடக்கிறது. மலிவு என்றால் விலை குறைவு. மட்டமான பொருள் என்ற வாடையும் உண்டு. அஃபோர்ட் என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் ஒரு காரியத்தை முன்னெடுத்து முடிப்பதைக் குறித்தது, பிறகுதான் 'நம்மால் முடியும்' என்பதற்கும், கடைசியில் பணம் கொடுக்க முடியும் என்பதற்கும் வந்து சேர்ந்தது. இதற்குத் தமிழில் அச்சுக் குத்தினாற்போல ஒரு சொல் இருக்கும்போது நாம் ஏன் அதைத் தேடுவதில்லை என்று தெரியவில்லை: கட்டுப்படியாவது. "இந்த வாடகை எனக்குக் கட்டுப்படியாகாது" என்று தினமும் சொல்கிறோம். அதில் வாடகை மட்டும் இல்லை, சொல்கிறவரின் சம்பளமும் இருக்கிறது. அமெரிக்க விதியும் அதையேதான் கணக்குப் போடுகிறது. 1969இல் செனட்டர் எட்வர்ட் புரூக் கொண்டுவந்த திருத்தம், அரசுக் குடியிருப்புகளில் வாடகை வருமானத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. 1981இல் அது 30 சதவீதம் ஆனது. இன்றும் அந்த 30தான் அளவுகோல். மாதம் 4,000 டாலர் சம்பாதிக்கும் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 1,200 டாலர் வரை கட்டுப்படியாகும் வாடகை. அதே கட்டடம், அதே சமையலறை, 2,000 டாலர் வருமானக்காரருக்குக் கட்டுப்படியாகாது. ஒரே வீடு ஒருவருக்கு அஃபோர்டபிள், இன்னொருவருக்கு இல்லை. மலிவு என்ற சொல்லால் இதைச் சொல்லவே முடியாது.

இதோடு சேர்ந்து வரும் 'ஏரியா மீடியன் இன்கம்' என்பதைச் 'சராசரி வருமானம்' என்று எழுதுகிறார்கள். பள்ளிக்கூடக் கணக்கில் படித்ததுதான், மீடியன் என்றால் இடைநிலை. வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் வருமானம். நான்கு கோடீசுவரர்கள் குடிவந்தால் சராசரி எகிறும், இடைநிலை பெரிதாக அசையாது. குறைந்த வருமானக்காரர்களுக்கு வீடு கட்டுவோருக்கு வரிச் சலுகை தரும், 1986 முதல் இருக்கும் திட்டத்தின் பழைய விதிப்படி, கட்டடத்தில் 20 சதவீத வீடுகள் இடைநிலையில் பாதி வருமானத்துக்கு மேற்படாதவர்களுக்கு, அல்லது 40 சதவீத வீடுகள் இடைநிலையில் 60 சதவீத வருமானத்துக்கு மேற்படாதவர்களுக்கு என்று ஒதுக்க வேண்டும். இந்த இடத்தில் சராசரி என்று எழுதினால் வீடு கிடைக்க வேண்டியவரே பட்டியலில் மாறிவிடுவார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இத்தகைய குடியிருப்புக்குப் பெரிய பணம் வரிச் சலுகை வழியாகவும் வங்கிகளின் நீண்ட காலக் கடன் வழியாகவும் வரும். ஆனால் அது வருவதற்கு முன்னால் மண் பரிசோதனை, வரைபடம், அனுமதிக் கட்டணம், நிலத்துக்கு முன்பணம் என்று ஒரு செலவு ஓடும். அந்த நேரத்தில் அடமானம் வைக்கக் கட்டடமே இருக்காது. வங்கி ஒதுங்கி நிற்கும் அந்த இடைவெளியில்தான் சமுதாய மேம்பாட்டு நிறுவனம் நுழைகிறது. 'ப்ரீடெவலப்மென்ட் லோன்' என்பார்கள். 'முன்பணிக் கடன்' என்றால் போதும், 'முன் மேம்பாட்டுக் கடன்' என்று எழுதி வாயைச் சுளுக்கிக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக 'சைல்ட் கேர் ஃபெசிலிட்டி'. 'குழந்தைகள் காப்பகம்' என்றால் தமிழ்ச் செய்தியில் பெற்றோர் இல்லாத, அல்லது மீட்கப்பட்ட குழந்தைகள் தங்கும் இடம். பால்வாடி, அங்கன்வாடி இரண்டும் அரசு நடத்துபவை. இங்கே சொல்லப்படுவது, அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகும்போது குழந்தையை விட்டுவிட்டு மாலையில் கூட்டிப்போகும் இடம். 'பகல் காப்பகம்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தாலே தெளிந்துவிடும். 'ஃபெசிலிட்டி'யை 'வசதி' என்று பெயர்த்தது சுத்தமாகப் பொருந்தவில்லை, கடன் கட்டடத்துக்கு. கலிபோர்னியாவில் பகல் காப்பக மையம் நடத்த, ஒரு குழந்தைக்கு உள்ளே 35 சதுர அடியும் வெளியே விளையாட 75 சதுர அடியும் வேண்டும் என்பது உரிம விதி. இருபது குழந்தைகள் என்றால் வெளியே மட்டும் 1,500 சதுர அடி, வேலி போட்டு. அப்புறம் குழந்தை எட்டும் உயரத்தில் கை கழுவும் தொட்டி, சின்னக் கழிப்பறை. இத்தனையும் பெரும்பாலும் வாடகைக் கட்டடத்தில் செய்ய வேண்டும். கட்டணத்தை ஏற்றினால் பெற்றோருக்குக் கட்டுப்படியாகாது, ஏற்றாவிட்டால் நடத்துகிறவருக்குக் கட்டுப்படியாகாது. மிச்சமே இல்லாத தொழிலில் தவணை எங்கிருந்து வரும்?

அதனால்தான் இந்தத் துறையில் 'ஃபர்கிவபிள் லோன்' என்று ஒரு வகை அடிக்கடி காணப்படுகிறது. குறிப்பிட்ட ஆண்டுகள் அதே இடத்தில் காப்பகத்தை நடத்தினால் கடன் கழிந்துவிடும், நடுவில் மூடினால் திருப்பிக் கட்ட வேண்டும். என்னிடம் வந்த குறிப்பில் இதை 'மன்னிக்கப்படும் கடன்' என்று போட்டிருந்தார்கள், கடன் ஏதோ குற்றம் செய்ததுபோல. 'தள்ளுபடி' என்று திருத்தலாம் என்றால், நமக்குத் தள்ளுபடி என்பது தேர்தலுக்கு முன் அறிவிப்பது, யாரும் எதுவும் செய்யாமலே வருவது. இங்கே அப்படி இல்லை, தினமும் காலையில் கதவைத் திறந்து குழந்தைகளை உள்ளே வாங்கி, அந்த உழைப்பிலேயே கடன் தீர்கிறது. 'உழைத்துக் கழிப்பது' என்று பேச்சில் சொல்வோம் அல்லவா, அதை வைத்துக்கொண்டு 'சேவையில் கழியும் கடன்' என்று எழுதி அனுப்பினேன். 'தள்ளுபடிக் கடன்' என்று மாற்றித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.