அசுவினிக்கு மருந்து சோதிக்கிறீர்களா? சில வரிசைகளை அடிக்காமல் விடுங்கள்

இந்த வாரமும் ஒருவர் புகையிலை இலையோடு வந்துவிட்டார். மூன்று மருந்தை ஒரே டேங்கில் கலந்து அடித்தாராம், அசுவினிக்கு (இலையில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) எதுவுமே கேட்கவில்லையாம். இலையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வெள்ளையாக ஒட்டியிருந்ததில் பெரும்பகுதி பூச்சியே இல்லை, உரித்துப்போட்ட தோல். (வளர்ந்து முடிவதற்குள் அசுவினி நான்கு முறை தோலுரிக்கும்.) நடுநடுவே பழுப்பாக உப்பி நின்றவை ஒட்டுண்ணிக் குளவி கொன்றவை. எது மருந்தின் வேலை, எது குளவியின் வேலை என்று இனி யார் சொல்வது?

என்னை மிகவும் நோகடிப்பது மறுநாள் காலையிலேயே தீர்ப்பு சொல்லும் பழக்கம். பைமெட்ரோசின், ஃப்ளோனிகாமிட் போன்ற மருந்துகள் பூச்சியை உடனே சாய்ப்பதில்லை, சாறு உறிஞ்சுவதை நிறுத்திவிடும். பூச்சி இலையிலேயே உட்கார்ந்திருக்கும், கால் அசையும், சில நாளில் பட்டினியால் சாகும். மறுநாள் பார்ப்பவர் “மருந்து சரியில்லை” என்று வேறொன்றை அடிக்கிறார். அப்புறம் பூச்சி செத்தால் பெயர் இரண்டாவது மருந்துக்கு! பைரித்ராய்டு வகை மருந்துகளின் கதை நேர்மாறு. அடித்ததும் பூச்சி உதிரும், அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் கூடவே போகும். தப்பிய பெண் அசுவினிகள் ஆண் துணையின்றியே குட்டி போட்டுப் பெருகும், கொழுந்து மறுபடி பிசுபிசுக்கும்.

அடிக்காத வரிசை இல்லாத சோதனை சோதனையே அல்ல. கனமழை பெய்தாலும், நுனி கிள்ளினாலும் அசுவினி தானாகவே குறையும். மருந்தின் பலனைக் கணக்கிட 1955-ல் வந்த ஹென்டர்சன்–டில்டன் சூத்திரம் அடித்த பாத்தி, அடிக்காத பாத்தி இரண்டிலும் முன்பின் எண்ணிக்கையைக் கேட்பது அதனால்தான்.

செடிகளுக்கு அடையாளம் கட்டுங்கள். அடிக்கும் முன்பும், 3, 7, 14-ஆம் நாளிலும் அதே செடிகளில் உயிருள்ளவற்றை மட்டும் எண்ணுங்கள். ஒரு பாத்திக்கு ஒரே மருந்து, லேபிளில் உள்ள அளவு மட்டும். ஒவ்வொன்றையும் பல பாத்திகளில் திரும்பச் செய்யுங்கள். இமிடாக்ளோபிரிட்டுக்குப் பதில் தயாமெத்தாக்சாம் அடிப்பதை மருந்தை மாற்றியதாக நினைக்காதீர்கள், இரண்டும் ஒரே வகை. தேமல் நோய் வந்த செடியை வைத்து மருந்தைத் திட்டவும் வேண்டாம். வெள்ளரித் தேமல் போன்ற வைரஸ்கள் அசுவினி ஒருமுறை குத்திப் பார்க்கும் நேரத்திலேயே, மருந்து அதைக் கொல்வதற்குள், செடியில் ஏறிவிடும்.

தயவுசெய்து, எண்ணும் அவசரத்தில் பனி காயாத புகையிலைக்குள் வெறுங்கையோடு இறங்காதீர்கள். ஈர இலையிலிருந்து நிகோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். குமட்டலும் தலைசுற்றலும் வந்தால் உடனே வெளியே வந்து, உடையை மாற்றி, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.